பரவிய அரிய கட்டியில் ரத்தக் கசிவு: தணிப்புக் கதிர்வீச்சு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உடலில் பரவிவிட்ட புற்றுநோய்க் கட்டி ஒன்று ரத்தம் கசிய ஆரம்பித்தால், நோயாளியைவிட வீட்டில் இருப்பவர்கள்தான் முதலில் கலங்கிப் போவார்கள். வலியைப் பல்லைக் கடித்துக்கொண்டு மறைத்துவிடலாம். தலையணை உறையில், கைக்குட்டையில், கழிப்பறையில் தெரிகிற ரத்தத்தை யாரும் மறைக்க முடியாது. அந்தக் கசிவை அடக்கக் குறுகிய காலக் கதிர்வீச்சு பெரிய உதவி. ஆனால் அதைப் பலர் தாமதமாகத்தான் கேள்விப்படுகிறார்கள். முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் இந்தப் பக்கம்.

தணிப்புக் கதிர்வீச்சு என்றால் என்ன?

தொந்தரவைக் குறைப்பதற்காக மட்டும் கொடுக்கும் கதிர்வீச்சு. கசிகிற கட்டியைக் குறிவைத்து, குறைந்த அளவில், சில தவணைகளில் முடித்துவிடுவார்கள். உடல் முழுக்கப் பரவிய நோயை ஒழிப்பது இதன் வேலை இல்லை. ரத்தம் நிற்க வேண்டும், அடிக்கடி ரத்தம் ஏற்றும் நிலை குறைய வேண்டும், நோயாளி நிம்மதியாகத் தூங்கி எழ வேண்டும். இவ்வளவுதான் இலக்கு.

எந்தெந்த அரிய கட்டிகள் இப்படி ரத்தம் கசியும்?

இங்கே ‘அரிய’ என்பதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, நோயே அரிதானது. ரத்தக்குழாய்ச் சுவரிலிருந்து கிளம்பும் ஆஞ்சியோசார்கோமா, நஞ்சுக்கொடித் திசுவிலிருந்து வரும் கோரியோகார்சினோமா போன்றவை. இரண்டுமே ரத்தத்தில் ஊறியது போன்ற கட்டிகள். நுரையீரலுக்குப் பரவினால் இருமலில் ரத்தம் வரும்.

இன்னொன்று, நோய் ஓரளவு தெரிந்ததுதான், ஆனால் பரவிய இடம் எதிர்பாராதது. சிறுநீரகப் புற்றுநோய் இதற்குப் பேர்போனது. சிறுநீரகத்தை எடுத்துப் பத்து வருடம் கழித்துக்கூட மூக்கினுள், தைராய்டில், கணையத்தில், இரைப்பையில், தலைத் தோலில் முளைக்கும். மெலனோமா என்ற தோல் புற்றுநோய் சிறுகுடலுக்குப் போய், வெளியே எதுவும் தெரியாமல் உள்ளேயே கசிந்து ரத்தசோகையாகத் தலைகாட்டும். கல்லீரல் புற்றுநோய் தாடை எலும்புக்கோ ஈறுக்கோ பரவுவது மிக அபூர்வம். பரவினால், பல் துலக்கும்போதே ரத்தம் கொட்டும். முதலில் பல் மருத்துவரிடம் போய், பிறகு புற்றுநோய்ப் பிரிவுக்கு வந்து சேர்பவர்களும் உண்டு.

கட்டி ஏன் ரத்தம் கசிகிறது?

வேகமாக வளரும் கட்டி தனக்கு வேண்டிய ரத்தக்குழாய்களை அவசர அவசரமாக உருவாக்கிக்கொள்கிறது. அந்தக் குழாய்களின் சுவர் மெல்லியது, ஒழுங்கற்றது. லேசாக உரசினாலே பிய்ந்துவிடும். கட்டி தோலையோ குடலின் உட்சுவரையோ துளைத்துப் புண்ணாகும்போது இந்தக் குழாய்கள் வெளியே திறந்துகொள்கின்றன. கூடவே கீமோவால் ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் (பிளேட்லெட்) குறைந்திருக்கலாம், கல்லீரல் பாதிப்பால் ரத்தம் உறையும் தன்மை கெட்டிருக்கலாம், ரத்தம் உறையாமலிருக்க ஏதாவது மாத்திரை ஓடிக்கொண்டிருக்கலாம். பெரும்பாலும் இவற்றில் இரண்டு மூன்று ஒன்றுசேர்ந்தே கசிவை உண்டாக்கும்.

ரத்தம் வரும் இடத்தில் கதிர்வீச்சைக் கொடுத்தால் இன்னும் மோசமாகாதா?

பலருக்கும் வரும் பயம் இது. நடப்பது நேர்மாறு. கதிர்வீச்சு பட்டதும் குழாய்களின் உட்படலம் வீங்கி, ரத்தத் தட்டணுக்கள் ஒட்டிக்கொள்ளத் தோதான நிலை உருவாகிறது. சின்னச் சின்ன உறைவுகள் குழாய்களை அடைக்கின்றன. முதல் சில நாட்களில் கிடைக்கும் பலன் இதனால்தான். அடுத்த வாரங்களில் கட்டியின் செல்கள் மடிந்து கட்டி சுருங்கும், குழாய்ச் சுவர் தடித்துத் தழும்பாகும். பலன் நீடிப்பதற்குக் காரணம் இந்த இரண்டாம் கட்டம். முதல் ஓரிரு நாள் கொஞ்சம் கசிவு தொடர்ந்தால் சிகிச்சை தோற்றுவிட்டது என்று அர்த்தமில்லை.

எத்தனை நாளில் நிற்கும்?

சிலருக்கு 24 முதல் 48 மணி நேரத்திலேயே குறைய ஆரம்பிக்கும். பெரும்பாலானவர்களுக்கு ஓரிரு வாரத்தில் முழுப்பலன் தெரியும். இரைப்பைப் புற்றுநோயில் கசிவுக்காகக் கதிர்வீச்சு பெற்றவர்களில் ஏறக்குறைய பத்துக்கு ஏழு பேருக்கு ரத்தம் நின்றதாகவோ நன்றாகக் குறைந்ததாகவோ ஆய்வுகள் சொல்கின்றன. நுரையீரல் கட்டியால் இருமலில் ரத்தம் வருபவர்களிலும் பெரும்பாலானோருக்குப் பலன் உண்டு.

இந்தக் கால இடைவெளியை மனதில் வைத்துக்கொள்வது முக்கியம். இன்றைக்கே, இந்த மணி நேரத்திலேயே நிறுத்தியாக வேண்டிய ரத்தப்போக்குக்குக் கதிர்வீச்சு பயன்படாது. ஆகவே, ‘கொஞ்சமாகத்தானே வருகிறது, பார்த்துக்கொள்ளலாம்’ என்று இருக்கும் கட்டம்தான் கேட்பதற்குச் சரியான நேரம்.

எத்தனை தவணை? எவ்வளவு அளவு?

கதிர்வீச்சின் அளவைக் கிரே என்ற அலகில் சொல்வார்கள். ஒரு கிலோ திசு ஒரு ஜூல் ஆற்றலை உள்வாங்கினால் அது ஒரு கிரே. கசிவை அடக்க வழக்கமாகப் பயன்படுவது: ஒரே தவணையில் 8 கிரே, அல்லது 5 தவணையில் 20 கிரே, அல்லது 10 தவணையில் 30 கிரே. குணப்படுத்தும் நோக்கில் கொடுக்கும்போது பல வாரங்களில் 60, 70 கிரே வரை போகும். அதோடு ஒப்பிட்டால் இது குறைவுதான்.

சில இடங்களுக்கென்றே தனித் திட்டங்கள் உண்டு. இரண்டே நாளில், ஒரு நாளைக்கு இருமுறை, குறைந்தது 6 மணி நேர இடைவெளி விட்டு நான்கு தவணை கொடுப்பது ஒன்று. மொத்தம் 14 முதல் 14.8 கிரே. 3, 4 வாரம் கழித்துத் தேவைப்பட்டால் மீண்டும் கொடுக்கலாம், இப்படி மூன்று சுற்று வரை. தலை, கழுத்து, இடுப்புப் பகுதிக் கட்டிகளுக்கு இது நன்றாகப் பொருந்தும். முதல் நாள், அதிலிருந்து 7 நாள் கழித்து, அதே முதல் நாளிலிருந்து 21 நாள் கழித்து என்று மூன்று முறை தலா 8 கிரே கொடுக்கும் முறையும் இருக்கிறது. இதில் ஒரு நல்ல விஷயம், ஒவ்வொரு முறையும் நோயாளி எப்படி இருக்கிறார் என்று பார்த்துவிட்டு அடுத்ததைத் தொடரலாம், நிறுத்தியும் விடலாம்.

‘தவணை அதிகமானால்தான் நல்ல வைத்தியம்’ என்று குடும்பத்தினர் நினைப்பது இயல்பு. சிறுநீர்ப்பைப் புற்றுநோயில் 500 பேரைச் சேர்த்து நடத்திய பிரிட்டிஷ் ஆய்வு ஒன்று 2000-இல் வெளியானது. 10 தவணையில் 35 கிரே ஒரு பிரிவுக்கு, 3 தவணையில் 21 கிரே மற்றொரு பிரிவுக்கு. தொந்தரவு குறைவதில் இரண்டுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. மூன்று நாள் வந்து போவதற்கும் பத்து நாள் வந்து போவதற்கும் உள்ள வித்தியாசத்தை, ஆம்புலன்ஸில் படுத்தபடி வரும் ஒருவரிடம் கேட்டால் தெரியும். பலன் ஒன்றேபோல் இருக்கும்போது குறைந்த தவணையைத் தேர்வதே நோயாளிக்குச் செய்யும் நியாயம் என்பது என் உறுதியான கருத்து.

எங்களுடையது மிக அரிய கட்டி. இதற்கென்று ஆய்வே இல்லை என்கிறார்கள். அப்படியென்றால் மருத்துவர் எதை வைத்து முடிவெடுப்பார்?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நிதானமாகவே பதில் சொல்ல வேண்டும்.

அரிய கட்டிகளைப் பற்றிக் கிடைப்பது பெரும்பாலும் ஒற்றை நோயாளி பற்றிய மருத்துவக் குறிப்புகள், அல்லது சில பேரைச் சேர்த்துப் பார்த்த சிறு தொகுப்புகள். அதைக் கேட்டதும் இருட்டில் கல்லெறிகிறார்களோ என்று தோன்றும். அப்படி இல்லை. கசிவை நிறுத்துவதில் கட்டியின் பெயரைவிட அது இருக்கும் இடம்தான் பெரும்பகுதியைத் தீர்மானிக்கிறது. இரைப்பையில் கசிவது இரைப்பையின் சொந்தக் கட்டியா, சிறுநீரகத்திலிருந்து வந்ததா என்பது எப்படி இருந்தாலும், சுற்றியுள்ள குடல், கல்லீரல், சிறுநீரகம் எவ்வளவு தாங்கும் என்ற கணக்கு ஒன்றேதான். மெல்லிய குழாய்கள் அடைபடும் விதமும் ஏறக்குறைய ஒன்றேதான். எனவே பொதுவான புற்றுநோய்களில் அந்தந்த இடத்துக்குக் கிடைத்த அனுபவத்தை இங்கே எடுத்தாளலாம்.

ஆனாலும் கட்டியின் பெயர் முக்கியமாகும் சந்தர்ப்பங்கள் உண்டு. கோரியோகார்சினோமாவுக்குக் கீமோ அபாரமாகக் கேட்கும், பரவிய பிறகும் குணமாகும் வாய்ப்பு நிறைய. அங்கே கீமோவைத் தள்ளிவைத்துவிட்டுக் கதிர்வீச்சுக்கு ஓடக்கூடாது. அந்த நோய் பிறப்புறுப்புப் பாதையில் பரவியிருந்தால் பரிசோதனைக்காகத் துணுக்கு எடுப்பதே ஆபத்து, ரத்தம் கட்டுக்கடங்காமல் போகலாம். சிறுநீரகப் புற்றுநோயின் பரவலில் குழாய்கள் மிக அதிகம். கசிவு பலமாக இருந்தால், கட்டிக்குப் போகும் ரத்தக்குழாயை உள்ளிருந்தே அடைக்கும் எம்போலைசேஷனை முதலில் யோசிப்பார்கள், கதிர்வீச்சு அதற்குப் பின்னால் வரும். சிறுகுடலில் உள்ள மெலனோமா என்றால், குடல் அசைந்துகொண்டே இருப்பதாலும் கதிர்வீச்சைத் தாங்கும் சக்தி அதற்குக் குறைவு என்பதாலும், உடல்நிலை இடம் கொடுத்தால் அறுவை சிகிச்சையே நல்லது.

மெலனோமாவும் சிறுநீரகப் புற்றுநோயும் கதிர்வீச்சுக்குக் கட்டுப்படாது என்கிறார்களே?

பழைய நம்பிக்கை, பாதிதான் உண்மை. தினமும் சிறு சிறு அளவாகக் கொடுத்தால் இந்த இரண்டும் மற்ற கட்டிகளைப் போல அவ்வளவு எளிதில் மசிவதில்லை. ஒவ்வொரு தவணையிலும் அளவைக் கூட்டினால் நன்றாகவே கேட்கும். தணிப்புச் சிகிச்சையில் தவணைக்கு 4, 8 கிரே என்று கூடுதலாகத்தான் கொடுக்கிறோம் என்பதால் இது இயல்பாகவே பொருந்திவிடுகிறது. கட்டி சிறியதாகவும் ஒன்றிரண்டாகவும் இருந்தால், மிகத் துல்லியமாகக் குறிவைத்து அதிக அளவு கொடுக்கும் ஸ்டீரியோடாக்டிக் முறையும் இருக்கிறது. ‘கட்டுப்படாத கட்டி’ என்ற ஒரே காரணத்துக்காக யாராவது கையை விரித்தால், கதிர்வீச்சு மருத்துவர் ஒருவரிடம் நேரடியாகக் கேட்டுவிடுங்கள்.

கதிர்வீச்சு வேலை செய்யும் வரை என்ன செய்வது?

கசிவு பலமாக இருந்தால் முதலில் ரத்தம் ஏற்றி நிலைநிறுத்துவார்கள். ஹீமோகுளோபின் 7 அல்லது 8-க்குக் கீழே போனால் பொதுவாக ஏற்றுவதுண்டு. மூச்சு வாங்குகிறதா, தலை சுற்றுகிறதா என்பதையும் சேர்த்தே முடிவு செய்வார்கள். டிரானெக்ஸாமிக் அமிலம் என்ற மருந்து உறைந்த ரத்தம் கரையாமல் காக்கும். சிறுநீரில் ரத்தம் வரும்போது மட்டும் இதில் கவனம் தேவை, கட்டி கட்டியாக உறைந்து சிறுநீரை அடைத்துவிடலாம். இரைப்பை, நுரையீரல் என்றால் எண்டோஸ்கோப்பி வழியாகச் சுட்டு அடைக்கும் முறைகள் உண்டு.

தோலில் வெடித்த கட்டி என்றால் பாதி வேலை கட்டுப்போடுவதில்தான் இருக்கிறது. வீட்டில் ரத்தம் கொட்டுவது பெரும்பாலும் கட்டைப் பிரிக்கும்போதுதான், காய்ந்துபோன துணி புண்ணோடு சேர்த்துப் பிய்த்துக்கொண்டு வரும். அவசரப்படாதீர்கள். உப்புநீரை, அதாவது மருந்துக்கடையில் கிடைக்கும் சலைனை, கட்டின் மேல் தாராளமாக ஊற்றிச் சில நிமிடம் ஊற விடுங்கள். ஓரத்திலிருந்து மெல்லத் தூக்குங்கள். எங்காவது ஒட்டினால் இழுக்காமல் மறுபடி நனையுங்கள். உள்ளே முதலில் ஒட்டாத வகைக் கட்டுத்துணி, அதற்கு மேல் உறிஞ்சும் பஞ்சு. கசிந்தால் சுத்தமான துணியால் பத்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள். நடுநடுவே எடுத்து எடுத்துப் பார்த்தால் உறைந்தது திரும்பப் பிய்ந்துவிடும். சுக்ரால்ஃபேட் மாத்திரையைக் குழைத்துப் பூசுவது, டிரானெக்ஸாமிக் அமிலத்தில் நனைத்த துணியை வைப்பது, கடற்பாசியிலிருந்து செய்யும் ஆல்ஜினேட் கட்டு போன்றவற்றையும் மருத்துவர் அல்லது செவிலியர் சொல்லித் தருவார்கள்.

ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறார். நிறுத்தலாமா?

நீங்களாக நிறுத்த வேண்டாம். இதய வால்வு, ஸ்டென்ட், நுரையீரலில் ரத்த உறைவு என்று வலுவான காரணத்துக்காகக் கொடுத்திருக்கலாம். அதே சமயம் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின், ஹெபாரின் ஊசி, டிக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரை என எது ஓடினாலும் அன்றைக்கே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். கதிர்வீச்சைவிட வேகமாகக் கசிவைக் குறைப்பது சில சமயம் ஒரு மாத்திரையை நிறுத்துவதாகவே இருக்கும்.

புற்றுநோய்க்கு மாத்திரை, ஊசி தொடர்கிறது. கூடவே கதிர்வீச்சு கொடுக்கலாமா?

மருந்தைப் பொறுத்தது. ரத்தக்குழாய் வளர்வதைத் தடுக்கும் பெவாசிசுமாப், சுனிட்டினிப் போன்றவை தாமாகவே ரத்தக்கசிவை உண்டாக்கக் கூடியவை, கசியும்போது நிறுத்திவைப்பார்கள். பெவாசிசுமாப் உடலில் பாதியாகக் குறையவே சுமார் 20 நாள் ஆகும், எனவே ஊசியை நிறுத்தியதும் அதன் விளைவு போய்விடாது. மெலனோமாவுக்குத் தரும், பிராஃப் என்ற மரபணுவின் மாற்றத்தைக் குறிவைக்கும் தடுப்பு மாத்திரைகளைக் கதிர்வீச்சுக்குச் சில நாள் முன்பும் பின்பும் நிறுத்துவது வழக்கம், இல்லாவிட்டால் தோல் கடுமையாகச் சிவந்து புண்ணாகலாம். உடலின் நோய் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் இம்யூனோதெரபியைப் பொதுவாக நிறுத்துவதில்லை.

சிகிச்சை அறையில் என்ன நடக்கும்? வலிக்குமா?

பேச்சு வழக்கில் இதைக் ‘கரண்ட் வைப்பது’ என்பதால் ஷாக் அடிக்குமோ என்று பயந்து வருபவர்கள் இன்றும் உண்டு. வலியோ சூடோ எதுவும் தெரியாது, எக்ஸ்ரே எடுப்பது போலத்தான். முதலில் சி.டி. ஸ்கேன் எடுத்துத் திட்டமிடுவார்கள். தோலில் மையால் குறி போடுவார்கள், சிகிச்சை முடியும் வரை அதைத் தேய்த்துக் குளிக்கக் கூடாது. தலை, கழுத்துப் பகுதி என்றால் முகத்துக்கேற்ப ஒரு வலைக்கவசம் செய்வார்கள். அவசரமானால் திட்டமும் முதல் தவணையும் ஒரே நாளில் முடிவதுண்டு.

தோலில் உள்ள கட்டிக்கு எலெக்ட்ரான் கதிர் போதும், அது சில சென்டிமீட்டருக்கு மேல் ஆழம் போகாது. கதிரின் முழு அளவும் மேற்பரப்பிலேயே விழுவதற்காக, கட்டியின் மேல் ஜெல் போன்ற தகடு ஒன்றை வைப்பார்கள். வெள்ளி கலந்த கட்டோ களிம்போ போட்டிருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள். மேஜையில் படுத்திருப்பது பத்து இருபது நிமிடம், கதிர் பாய்வது அதில் சில நிமிடம்தான். அந்த நேரம் அறையில் அவர் தனியாக இருப்பார். வெளியே கேமராவில் பார்த்துக்கொண்டே இருப்பார்கள், குரல் கொடுத்தால் கேட்கும். இருமல் வந்தால் கையைத் தூக்கச் சொல்லுங்கள், நிறுத்திவிட்டு உள்ளே வருவார்கள். நேராகப் படுக்க முடியாமல் மூச்சு வாங்குகிறவரைச் சற்றுச் சாய்த்து வைத்தும் கொடுக்க முடியும், கேட்டுப் பாருங்கள். படுப்பதற்கு அரை மணி நேரம் முன்பு வலி மருந்து கொடுத்துவிட்டால் பெரிய உதவியாக இருக்கும்.

பக்கவிளைவுகள்?

சோர்வு எல்லோருக்கும் ஓரளவு இருக்கும். மற்றவை இடத்தைப் பொறுத்தவை. இரைப்பைக்குக் கொடுத்தால் குமட்டல் வரும், அதனால் சிகிச்சைக்கு முன்பே ஓண்டான்செட்ரான் மாத்திரை தருவார்கள். இடுப்புப் பகுதி என்றால் வயிற்றுப்போக்கு, சிறுநீர் எரிச்சல். மார்பு என்றால் விழுங்கும்போது வலி. வாய் என்றால் வாய்ப்புண். பெரும்பாலும் இரண்டு மூன்று வாரத்தில் அடங்கிவிடும்.

குடலின் முழுச் சுவரையும் கட்டி அரித்திருந்தால், அது வேகமாகச் சுருங்கும்போது ஓட்டை விழும் ஆபத்து சிறிதளவு உண்டு. திடீரென்று தாங்க முடியாத வயிற்று வலி வந்தால் காத்திருக்காதீர்கள்.

வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள். நோயாளியிடமிருந்து கதிர் பரவுமா?

பரவாது. இயந்திரம் நின்றதும் கதிரும் நின்றுவிடும். பேரப்பிள்ளைகளைத் தாராளமாக மடியில் வைத்துக் கொஞ்சலாம்.

‘தணிப்பு’ என்றால் கைவிட்டுவிட்டார்கள் என்றுதானே அர்த்தம்?

இல்லவே இல்லை. ரத்தம் நின்றால் ஹீமோகுளோபின் ஏறும், எழுந்து நடமாடத் தெம்பு வரும். நிறுத்திவைத்த கீமோவையோ மாத்திரையையோ திரும்பத் தொடங்கவும் வழி பிறக்கலாம். அப்படித் தொடங்க முடியாத நிலையில்கூட, ரத்தம் தோய்ந்த துணிகளை யாரும் பார்க்காமல் ஒளித்துவைக்கத் தேவையில்லாத நாட்கள் கிடைக்கும். அந்த நாட்கள் அவருடையவை, குடும்பத்துடையவை. அவற்றைச் சின்ன விஷயமாக யாரும் பேச அனுமதிக்காதீர்கள்.

மிகவும் தளர்ந்துவிட்டார். இனியும் கொடுக்கலாமா?

சில வாரங்களாவது இருப்பார் என்று தோன்றினால் ஒரே தவணை நியாயமானது. உயிர் இன்னும் சில நாட்களுக்குத்தான் என்ற நிலையில் பலன் வருவதற்குள் காலம் முடிந்துவிடும். அப்போது அவரை வண்டியில் ஏற்றி அலைக்கழிக்காமல் இருப்பதே நல்லது. இதை மருத்துவரிடம் வெளிப்படையாகக் கேளுங்கள்: ‘பலன் தெரியும் வரை இவர் இருப்பாரா?’ கேட்கச் சங்கடமான கேள்விதான், ஆனால் கேட்டே ஆக வேண்டும்.

வீட்டில் திடீரென்று நிறைய ரத்தம் வந்தால்?

உயிர்காக்கும் சிகிச்சை வேண்டும் என்று முடிவு செய்திருந்தால் உடனே ஆம்புலன்ஸ். கிண்ணம் நிறைய ரத்த வாந்தி, இருமலில் தொடர்ந்து சிவப்பு ரத்தம், தார் போன்ற கருப்பு மலத்தோடு மயக்கம், ரத்தக்கட்டி அடைத்துச் சிறுநீர் வராமல் போவது, இவை எல்லாமே அவசரம். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாலும் மலம் கருக்கும், அதை மட்டும் வைத்துப் பதற வேண்டாம். நுரையீரலில் எந்தப் பக்கம் கசிகிறதோ அந்தப் பக்கம் கீழே இருக்கும்படி படுக்க வையுங்கள், நல்ல பக்கத்தில் ரத்தம் நிரம்பாது.

கடைசிக் கட்டத்தில் இருப்பவர், மருத்துவமனை வேண்டாம் என்று சொல்லியிருப்பவர் என்றால் முன்னேற்பாடு தேவை. கரும்பச்சை, மெரூன், கருநீலம் மாதிரி அடர்நிறத் துண்டுகளைக் கைக்கெட்டும் இடத்தில் அடுக்கி வையுங்கள், ரத்தம் கண்ணை உறுத்தாது. பதற்றத்தைத் தணிக்கும் மிடாசோலாம் போன்ற மருந்தை எப்படிக் கொடுப்பது என்று தணிப்புச் சிகிச்சைக் குழு முன்பே சொல்லிக்கொடுக்கும். அந்த நேரத்தில் ஒருவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே இருக்க வேண்டும். போன் செய்வதை மற்றவர் பார்த்துக்கொள்ளட்டும்.

நின்ற ரத்தம் திரும்ப வந்தால்?

வரலாம், சில மாதங்கள் கழித்து வருவதுண்டு. முதலில் குறைந்த அளவே கொடுத்திருப்பதால் பல சமயம் அதே இடத்துக்கு இன்னொரு முறை கொடுக்க இடமிருக்கும். தண்டுவடம், குடல் அருகில் இருந்தால் கணக்குப் போட்டுத்தான் சொல்வார்கள்.

முதல் முறை கதிர்வீச்சு மருத்துவரைப் பார்க்கப் போகும்போது என்ன கொண்டுபோக வேண்டும்?

முன்பு எப்போதாவது கதிர்வீச்சு எடுத்திருந்தால் அந்தச் சிகிச்சைக் குறிப்பு, இதுதான் மிக முக்கியம். எந்த இடம், எத்தனை கிரே, எத்தனை தவணை, எந்த வருடம் என்ற விவரம் அதில் இருக்கும். தொலைந்திருந்தால் அந்தச் சிகிச்சை எடுத்த மருத்துவமனையில் கேட்டு நகல் வாங்கிவிடுங்கள். பிறகு கடைசி ஸ்கேன், துணுக்குப் பரிசோதனை அறிக்கை, சமீபத்திய ரத்தப் பரிசோதனை, சாப்பிடும் எல்லா மாத்திரைகளும் அட்டையோடு. உடலில் பேஸ்மேக்கர் இருந்தால் அதன் அட்டை. ஒரு நாளைக்கு எத்தனை கட்டு நனைகிறது, எத்தனை முறை இருமலில் வருகிறது என்று இரண்டு மூன்று நாள் குறித்துவைத்த தாளும், கசிவை போனில் எடுத்த படமும் இருந்தால், மருத்துவருக்கு அவசரம் எவ்வளவு என்பது உடனே புரிந்துவிடும்.